நீர்க்காகத்தைக் கொன்றது புழுவா?

போன குளிர்காலத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு அங்கிள் பெயின்ட் வாளியோடு வந்தார். வாளிக்குள் செத்துப்போன நீர்க்காகம். தூண்டில் போடப் போன இடத்தில் கிடந்ததாம். "வாயிலேர்ந்து புழு வந்துச்சு டாக்டர். இதே கடல்ல பிடிச்ச ஷாட் மீனைத்தான் வீட்ல குழம்பு வைக்கிறோம்" என்றார். முகத்தில் உண்மையான பயம்.

கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு அறுத்துப் பார்த்தேன். இரைப்பை நிறைய வெள்ளை நூல் மாதிரி உருளைப்புழுக்கள். சில புழுக்கள் தலையைச் சுவரில் புதைத்துக்கொண்டு, இடுக்கியால் இழுத்தாலும் விடவில்லை. ஆனால் மார்பெலும்பைத் தடவினால் கத்தி விளிம்பு போல நின்றது. இருபக்கமும் சதையே இல்லை. அப்புறம் தொண்டையைத் திறந்தேன். துருப்பிடித்த தூண்டில் முள், ஒரு சாண் நரம்போடு, அதாவது தூண்டில் நூலோடு. இரை விழுங்க முடியாமல் பட்டினியில் போயிருக்கிறது.

மீன் தின்னும் பறவைக்குப் புழு மீனிலிருந்துதான் வருகிறது. நன்றாக இரை கிடைக்கும் பறவை அதைத் தாங்கிக்கொள்ளும். உடம்பு விழுந்த பிறகுதான் புழுவின் கை ஓங்குகிறது.

வடகடல்களில் ஐடர் என்ற கடல்வாத்து உண்டு. அதன் குடலில் முள்தலைப் புழு இருக்கும். அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. முள் நிறைந்த மூக்கைக் குடல் சுவரில் குத்திக்கொண்டு, தோல் வழியாகவே சத்தை உறிஞ்சும். கரைநண்டைத் தின்னும்போது இது வாத்துக்குள் போகிறது. 1999-2000 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் வாடன் கடலில் சுமார் 21,000 ஐடர்கள் செத்தன. அவற்றின் உடம்பிலும் புழு இருந்தது. ஆனால் ஆய்வாளர்கள் முதல் காரணமாகச் சொன்னது பட்டினி. அவை நம்பி வாழ்ந்த சிப்பிகள் குறைந்துபோயிருந்தன. புழுவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சரி, அங்கிள் கேட்ட மீன் குழம்புக்கு வருவோம். ஹேக், ஸ்னூக் போன்ற கடல்மீன்களில் அனிசாகிஸ் என்ற புழுவின் குஞ்சு சுருண்டு கிடக்கும். அது உயிரோடு நம் வயிற்றுக்குள் போனால் கடுமையான வயிற்றுவலி வரும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். மீனின் நடுச்சதை வரை 60 டிகிரி சூடு ஏறி ஒரு நிமிடம் நின்றாலே புழு செத்துவிடும். கொதிக்கும் குழம்புக்கு முன்னால் அது நிற்காது. எலுமிச்சை, வினிகர், உப்பு இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். பச்சையாகச் சாப்பிடத்தான் வேண்டும் என்றால், முதலில் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வையுங்கள். மீனைப் பிடித்ததும் குடலை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் புழு சதைக்குள் நகரலாம். அந்தக் குடலை நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. அங்கிள் அந்தப் பறவையை வெறுங்கையால் தூக்கி வந்திருந்தார். 2021-இல் மேற்குக் கேப் கரையில் பறவைக் காய்ச்சலில் 20,000-க்கும் மேற்பட்ட கேப் நீர்க்காகங்கள் செத்தன. செத்த பறவையைத் தொடாதீர்கள், நாயை அருகில் விடாதீர்கள், அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

தொண்டையிலிருந்து எடுத்த முள்ளை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நாங்க ஷாட்டுக்குப் போடுற சைஸ்தான் டாக்டர்" என்றார். இப்போது அறுந்த நரம்பைப் பொறுக்கிப் போட ஒரு பழைய பால் டப்பாவைத் தூண்டில் பையிலேயே வைத்திருக்கிறார்.