உரச்சாக்கைத் தொட்டுப் பாருங்கள்: மலைப்பாதையில் கிடந்த மாஸ்க்குகள் எங்கே போயின?

"கொவிட் நேரம் எங்கள் பக்கம் குறுக்குப்பாதையெல்லாம் மாஸ்க்காகக் கிடந்ததே அண்ணே, இப்போது ஒன்றையும் காணோம், எல்லாம் உக்கிப் போய்விட்டதா?" என்று பொகவந்தலாவைப் பக்கத்து இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். பாடசாலையில் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து கேட்டதாம். நல்ல கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நார்கூட உக்கவில்லை. ஆனால் அவை காணாமல் போனது உண்மைதான், அது எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

கடந்த மார்ச்சில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறினேன். படிக்கட்டை ஒட்டிய ஒரு பாறைமேல், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில், ஒரு மாஸ்க் கிடந்தது. நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. எடுக்கலாம் என்று காதுப் பட்டியைப் பிடித்து இழுத்தால் பட்டி மட்டும் கையோடு வந்தது, துணி பாறையிலேயே இருந்தது. விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது; விரலில் இலவம்பஞ்சுத் தூள் மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, மிச்சம் காற்றில் பறந்தது. திரும்பி வரும்போது கீழே தேயிலை மலை ஓரத்துத் தண்ணீர் ஓடும் கானுக்குள், சருகுக்கு அடியில், இன்னொன்று கண்ணில் பட்டது. சேறு பிடித்திருந்தாலும் நீலம் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தும் கிழியவில்லை. ஒரே பொருள், ஒரே மலை, இரண்டு விதி.

மாஸ்க் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சாதாரண நீல மாஸ்க்கில் மூன்று அடுக்கு, மூன்றும் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். நடு அடுக்குதான் வேலைக்காரன். பஞ்சு மிட்டாய் இயந்திரம் சீனிப் பாகை நூலாக வீசுவதுபோல, உருகிய பிளாஸ்டிக்கை நுண்ணிய துளைகளால் தள்ளிச் சூடான காற்றால் அடித்து இழுப்பார்கள். கிடைக்கும் நார் 1 முதல் 5 மைக்கிரோமீற்றர் பருமன், நம் தலைமுடி ஏறக்குறைய 70. அந்த நாருக்கு நிலையான மின்னேற்றமும் கொடுத்துவிடுவார்கள், அதனால் இடைவெளிகள் கிருமியைவிடப் பெரிதாக இருந்தாலும் துகள்கள் நாரால் இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். சரி, அந்த மெல்லிய நார்தான் நம்மைக் காப்பாற்றியது. இப்போது உதிர்ந்து போவதும் அதுவேதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த உதிர்தல் புதிதில்லை. உரச்சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பொலிபுரொப்பிலீன் நாடாவால் நெய்ததுதான். லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டுவோம், கோழிக்கூட்டுக்கு மறைப்பாகப் போடுவோம். புதிதில் கத்தி வைத்து அறுத்தாலும் சிரமம். ஒன்றிரண்டு வருடம் வெயிலில் நின்றபின் கையால் பிடித்தால் செதில் செதிலாக வரும், உடுப்பெல்லாம் வெள்ளைத் தூசி ஒட்டும். மடித்துக் கட்டிய உள்பக்கத்தை மட்டும் விரித்துப் பாருங்கள், அங்கே சாக்கு இன்னும் உறுதியாகவே இருக்கும். மழை இரண்டு பக்கமும்தான் நனைத்தது. வெயில் ஒரு பக்கம்தான் பட்டது. எனக்கு இந்த வேதியியலில் பைத்தியம் பிடித்ததே அந்த மடிப்பைப் பார்த்துத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொலிபுரொப்பிலீன் என்பது ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் கைகோர்த்து நிற்கும் நீளமான சங்கிலி. 1954இல் இத்தாலியில் கியூலியோ நட்டா அதை ஒழுங்கான அமைப்பில் செய்து காட்டினார், 1963இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு காபனில் சின்னக் கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கிளை விட்ட காபனிடம் ஒரே ஒரு ஐதரசன்தான் இருக்கிறது, அந்தப் பிடிப்பும் கொஞ்சம் தளர்ந்த பிடிப்பு. பொலித்தீன் சங்கிலியில் இப்படி ஒன்றுவிட்டு ஒன்று கிளை கிடையாது. பொலிபுரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் தோற்றுப்போவதற்கு இந்தத் தளர்ந்த ஐதரசன்தான் காரணம்.

இதில் ஒரு புதிர் உண்டு. சுத்தமான பொலிபுரொப்பிலீன் சூரிய ஒளியில் வரும் கழியூதாக் கதிரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. கதிர் உறிஞ்சப்படாவிட்டால் சேதமும் வராது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் எந்தப் பிளாஸ்டிக்கும் அவ்வளவு சுத்தமில்லை. தயாரிப்பில் உதவிய ஊக்கியின் மிச்சம் கொஞ்சம் இருக்கும், கடும் சூட்டில் உருக்கும்போது அங்கங்கே ஒட்சிசன் ஒட்டியிருக்கும். கதிர் முதலில் பிடிப்பது அந்தக் கறைகளைத்தான். அங்கே ஒரு பிணைப்பு அறுந்து, துணையில்லாத இலத்திரனோடு ஒரு துண்டு பிறக்கிறது. அது சும்மா இருக்காது, பக்கத்துச் சங்கிலியிலிருந்து அந்தத் தளர்ந்த ஐதரசனைப் பிடுங்கும். ஐதரசன் போன இடத்தில் காற்றிலிருக்கும் ஒட்சிசன் வந்து உட்காரும். உட்கார்ந்த ஒட்சிசன் தன் பங்குக்கு அடுத்த காபனின் ஐதரசனைப் பிடுங்கும், இப்போது அங்கே ஒரு வெற்றிடம். ஐதரசன் கிடைத்த முதல் இடமும் அமைதியாகிவிடவில்லை. அங்கே உருவான பெரொட்சைட்டு என்ற ஒட்சிசன் சேர்மம் கழியூதாக் கதிரை உறிஞ்சி இரண்டாக வெடிக்கும், புதிதாக இரண்டு பிடுங்கிகள் கிளம்பும், அந்த வெடிப்பில்தான் சங்கிலியே நடுவில் அறுகிறது. காய்ந்த மானாப் புல்லில் பிடித்த நெருப்பு மாதிரி, முதல் பொறிக்குத்தான் நேரம் எடுக்கும், பிறகு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நன்றாக இருந்த சாக்கு திடீரென்று ஒருநாள் பொடிந்து போவது இதனால்தான்.

அடுத்த சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாருக்குள் சங்கிலிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் வரிசையாக நெருங்கி அடுக்கப்பட்டுப் பளிங்குக் கட்டிகளாக இருக்கும், கட்டிகளுக்கு நடுவே தாறுமாறாகத் தளர்ந்து கிடக்கும். ஒரு கட்டியிலிருந்து கிளம்பித் தளர்ந்த பகுதியைக் கடந்து அடுத்த கட்டிக்குள் போகும் சில சங்கிலிகள்தான் மொத்தத்தையும் சேர்த்துப் பிடிப்பவை. பூமாலையில் பூவுக்குப் பூ நடுவே தெரியும் நார் மாதிரி. ஒட்சிசனால் பளிங்குக் கட்டிக்குள் நுழைய முடியாது, தளர்ந்த பகுதிக்குள் தாராளமாக நுழையும். ஆக, அறுபடுவதெல்லாம் மாலையின் நார். பூக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொத்தப் பிணைப்புகளில் மிகச் சொற்பமே அறுந்திருக்கும், பிளாஸ்டிக் ஏறக்குறைய முழுதாக அப்படியே இருக்கும், ஆனால் பிடிமானம் போய்விட்டதால் தொட்டதும் பொடியாகிறது. "உக்கிப் போச்சு" என்று நாம் நினைப்பது இந்த நிலையைத்தான். உக்குவது என்றால் பற்றீரியாவும் பூஞ்சையும் தின்று காபனீரொட்சைட்டும் நீருமாக மாற்றுவது. இங்கே தின்றவர் யாருமில்லை.

உரச்சாக்கின் நாடா தடிப்பானது, வெளித்தோல் கெட்டாலும் உள்ளே கொஞ்ச காலம் தாங்கும். மாஸ்க்கின் நடு அடுக்கு நாருக்கு உள்ளே என்று சொல்ல இடமே இல்லை, கதிரும் காற்றும் ஒரேயடியாக ஊடுருவிவிடும். அதோடு இது மலை. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் கழியூதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், ஹோர்ட்டன் சமவெளி 2,100க்கு மேல். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். குளிரும் மூடுபனியும் இந்த வேகத்தைக் குறைக்கும்தான், ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை நம் மலைகளில் எத்தனை நாள் வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மிலான் பிக்கோக்கா பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு மாஸ்க்கைக் கழியூதா விளக்கின்கீழ் 180 மணிநேரம் வைத்துவிட்டுச் செயற்கைக் கடல்நீரில் வேகமாகக் கலக்கினார்கள். நாளொன்றுக்கு 173,000 நார்கள் வரை உதிர்ந்தன.

நம் மலையில் கலக்கும் வேலையை மழை செய்கிறது. யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதம் வெசாக்கோடு முடியும். அந்த ஐந்து மாதமும் போட்ட குப்பை வெயிலில் காய்ந்து நொறுங்கத் தயாராக இருக்கும். வெசாக் முடிந்த கையோடு தென்மேற்குப் பருவமழை இறங்கும். படியிலிருந்து கானுக்கு, கானிலிருந்து சீத கங்குலை ஓடைக்கு, அங்கிருந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு, அப்படியே களனி கங்கைக்கு. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி களனியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஹோர்ட்டன் சமவெளியோ மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலை. நம் லயங்களுக்கு வரும் பீலித் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா? அது பல இடங்களில் வடிகட்டப்படாமலே குடத்துக்கு வருகிறது.

அதனால்தான் நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சிரமதானத்தை யாத்திரைக் காலம் முடிந்தபின் வைப்பது பிந்திய வேலை. காலம் நடக்கும்போதே, மாஸ்க் முழுசாக இருக்கும்போதே எடுக்கவேண்டும். முழு மாஸ்க் ஒன்றை எடுக்க இரண்டு விரல் போதும், பொடிந்த பின் அதை ஆற்றிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. இது மாஸ்க்குக்கு மட்டும் உள்ள கணக்கும் இல்லை. பிஸ்கட் உறை, டொபி உறையில் பெரும்பாலானவை இதே பொலிபுரொப்பிலீன். மாஸ்க் குறைந்துவிட்டது, உறைகள் குறையவில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயிலில் இப்போது உலகமே நடக்கிறது, அது போவது நம் தோட்டங்களுக்கு ஊடாக. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை அகற்றி, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். சிலர் எரிச்சல்படுவார்கள். எனக்கு அந்த ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உள்ளே மேயும் மரைக்கு உப்புச் சுவை ஒட்டிய உறைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

சிவனொளிபாதமலை ஏறும் வழியில் ஊசியும் நூலும் போடும் இடம் ஒன்று உண்டு, போனவர்களுக்குத் தெரியும். புத்தர் அந்த இடத்தில் அமர்ந்து தன் சீவரத்தைத் தைத்தார் என்ற ஐதீகத்தில் யாத்திரீகர்கள் நூலைச் செடிகளின்மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். முன்பு அது பருத்தி நூல், மழைக்காலத்தில் பூஞ்சை தின்று மண்ணாக்கிவிடும். இன்று கடையில் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர். பருத்தி நூல் என்று கேட்டு வாங்கிப் போங்கள், வேண்டுதலும் நிறைவேறும், செடியும் மூச்சு விடும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட, குடிக்கும் பாணி ஒன்றுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பயந்த மக்களைப் பிழை சொல்லி என்ன பயன், அந்த நேரம் நம்பும்படி பேச அறிவியல்காரர்கள் போதுமான அளவு நம் மொழியில் வரவில்லை. ஆய்வுக்கென்று இந்த நாடு ஒதுக்குவது பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நம் பீலிகளில் எத்தனை நார் இருக்கிறது என்று எண்ண ஒரு நுணுக்குக்காட்டியும் வடிதாளும் பொறுமையான இரண்டு மாணவர்களும் போதும். மலையகத்துப் பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்தால் நம் தண்ணீரைப் பற்றிய விடை நம் வீட்டிலிருந்தே வரும். அந்தப் பணத்தை யாராவது ஒதுக்கவேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன்.

மாஸ்க்கைத் தொட்டால் நோய் ஒட்டும் என்று இன்றும் பலர் குச்சியால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். 2020இல் ஹொங்கொங் ஆய்வுகூடமொன்றில் 22 பாகை வெப்பத்தில் வைத்துப் பார்த்தபோது, மாஸ்க்கின் வெளிப்பக்கத்தில் ஏழாம் நாளும் கொஞ்சம் வைரஸ் உயிரோடு இருந்தது, தொடக்கத்தில் வைத்ததில் ஏறக்குறைய 0.1 சதவீதம். அதுவும் வெயில் படாத அறை. மாதக்கணக்கில் பாறையில் காய்ந்த மாஸ்க்கைக் கொவிட்டுக்காகப் பயப்படத் தேவையில்லை. துருப்பிடித்த மூக்குக் கம்பி கையைக் கீறும், அதற்காகக் கையுறை போடுங்கள். இன்னொன்று, சேர்த்து லயத்துப் பின்னால் கொளுத்தாதீர்கள். பொலிபுரொப்பிலீனில் குளோரின் இல்லை, அதனால் டயொக்சின் என்ற நஞ்சு வரும் என்று சொல்வது தனியே இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது. ஆனால் ஈரக் குப்பையோடு புகைந்து எரியும்போது வரும் கரியும் காபனோரொட்சைட்டும் அடுப்படிப் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். கட்டி, பிரதேச சபை வண்டி வரும் நாளில் கொடுங்கள்.

அந்த ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது நடைபாதையை விட்டுவிட்டுக் கானையும் தேயிலைச் செடியின் அடியையும் பாருங்கள், நிழலில் கிடப்பவை இன்னும் முழுசாக அங்கேதான் இருக்கும், அவற்றைத்தான் முதலில் எடுக்கவேண்டும். வெளுத்துக் கிடப்பது கிடைத்தால் காதுப் பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள், விளக்குமாறால் கூட்டவும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அடியிலிருக்கும் சருகோடும் மண்ணோடும் சேர்த்து ஒரு கரண்டியால் அள்ளிப் பையில் போடுங்கள். பனி ஈரம் காயாத காலை ஏழு மணி அதற்குத் தோதான நேரம்.