நன்றிக்கடனா, நன்றியறிதலா?

“தேவன் செய்த நன்மைகளுக்கு நன்றிக்கடன் செலுத்த வந்திருக்கிறோம்.” ஜெபம், சாட்சி, மொழிபெயர்த்த தியானக் கட்டுரை என்று எங்கும் இந்த வாக்கியம்தான். கேட்க உருக்கமாக இருக்கிறது, பொருள்தான் இடறுகிறது.

மூலச்சொல்லைச் சட்டென்று பார்த்துவிடலாம். பைபிளின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் நன்றிக்கு உரிய சொல் ‘யூகாரிஸ்தியா’. ‘யூ’ என்றால் நல்ல. மற்ற பகுதி ‘காரிஸ்’ என்பதோடு உறவுடையது. காரிஸ் என்றால் கிருபை, விலையில்லாமல் வந்த கொடை. தமிழில் ‘நன்றி’க்கும் முதற்பொருள் நன்மை, செய்த உதவி என்பதே. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. நன்றி செய்தவருடையது; அறிதல் பெற்றவருடையது. ஆகவே யூகாரிஸ்தியாவுக்கு நேரான தமிழ் ‘நன்றியறிதல்’. பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலேயே, பவுல் அப்போஸ்தலரின் பெயரில் உள்ள கொலோசெயர் நிருபத்தில் (3:15) ‘நன்றியறிதலுள்ளவர்களாயுமிருங்கள்’ என்று இருக்கிறது.

இதற்குள் கடன் எங்கிருந்து நுழைந்தது? கடனை அடைக்கலாம், தீர்க்கலாம். தீர்த்தபின் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் கணக்கு சரி. கிருபையை அப்படிச் சரிக்கட்ட முடியுமா? பவுல் கிருபை, கடன் என்ற இந்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார்: வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி ‘கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்’ (ரோமர் 4:4). அவர் பிரித்து வைத்ததை நாம் ஒரே சொல்லில் ஒட்டிவைக்கிறோம்.

‘கடன் என்றால் கடமையும்தானே, “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்று அப்பர் பாடவில்லையா?’ என்பார்கள். உண்மைதான், தனித்து நிற்கும் ‘கடன்’ கடமையாகும். ஆனால் ‘நன்றிக்கடன்’ என்று சேர்ந்து, பின்னால் ‘செலுத்து’, ‘தீர்’ வந்துவிட்டால் கேட்பவர் மனத்தில் எழுவது வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான். (‘செலுத்து’ என்ற வினைமேல் குற்றமில்லை; அன்பும் அஞ்சலியும் கூடச் செலுத்துகிறோம்.) இன்னும் வலுவான எதிர்வாதம் 2 தெசலோனிக்கேயர் 1:3: ‘தேவனை ஸ்தோத்திரிக்கக் கடனாளிகளாயிருக்கிறோம்’. அங்கே கடமைப்பட்டிருப்பது ஸ்தோத்திரிப்பதற்கு, அதாவது நன்றி சொல்லித் துதிப்பதற்கு. பெற்ற நன்மைக்கு ஸ்தோத்திரத்தை விலையாகக் கொடுத்து முடிப்பது அங்கே பேச்சே அல்ல.

சங்கீதம் 116 இதை அழகாகக் காட்டுகிறது. ‘அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்’ என்று 12ஆம் வசனம் கேட்கிறது. 13ஆம் வசனத்தின் பதில், ‘இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு’ என்று தொடங்குகிறது. கொடுப்பதைப் பற்றிய கேள்விக்கு, எடுத்துக்கொள்வதிலிருந்து பதில்! 14ஆம் வசனம் செலுத்தச் சொல்வது பொருத்தனையை. அது தானே கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது. குறளும் (211) ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்கி, மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிடும் என்று கேட்கிறது.

தாழ்மை அடிபடுவதும் இங்கேதான். ‘நீ பெற்றுக்கொள்ளாதது யாது?’ (1 கொரிந்தியர் 4:7) என்ற கேள்விக்கு முன் வெறுங்கையோடு நிற்பவர் நன்றியறிந்தவர். கடனைச் செலுத்த வந்தவர் கையில் எதையோ வைத்திருக்கிறார்.

‘ஸ்தோத்திரம்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 1:3இல் அது புகழ்ச்சி. 1 தெசலோனிக்கேயர் 5:18இல் அதுவே நன்றி. வடசொல் என்பதற்காக அதைத் துரத்த வேண்டியதில்லை, வாயால் சொல்லும் துதிக்கு அது இருக்கட்டும். மனநிலையைச் சொல்ல அது போதாது. மொழிபெயர்ப்பாளர்களோ ஓசைக்காக ‘நன்றிக்கடன்’, ‘நன்றிப்பெருக்கு’, ‘நன்றிக்காணிக்கை’ என்று ஒட்டிக்கொண்டே போகிறார்கள். மூலத்தில் எந்தச் சொல் என்று திருப்பிப் பார்ப்பதில்லை. திருத்துவது எளிது: வினையாக வந்தால் ‘நன்றி செலுத்துகிறோம்’, பண்பாக வந்தால் ‘நன்றியறிதல்’, அது இல்லாதவருக்கு 2 தீமோத்தேயு 3:2இல் உள்ளபடி ‘நன்றியறியாதவர்’. ‘கடன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள், எதுவும் குறையாது.