ஃபிளேவனாய்டு: சுவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை

ஃபிளேவர் என்ற சொல் காதுக்குப் பழகிவிட்டதால், ஃபிளேவனாய்டு என்றதும் சுவை தரும் ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். அப்படி இல்லை, தாவரங்கள் உருவாக்கும் ஒரு வேதிப்பொருள் குடும்பம் அது. லத்தீனில் ஃபிளாவுஸ் என்றால் மஞ்சள். தாவரங்களின் மஞ்சள் சாயங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் வழியாக வந்த பெயர் இது. ‘ஆய்டு’ கிரேக்க ஒட்டு, ‘போன்ற’ என்று பொருள். அப்படியே தமிழாக்கி ‘மஞ்சள்போலி’ என்று வைத்தால் கலப்பட மஞ்சள்தூள் வழக்கு மாதிரி ஆகிவிடும்! தவிர, மஞ்சள் கிழங்கின் குர்குமின் இந்தக் குடும்பமே கிடையாது, குடும்பத்தில் பலவற்றுக்கு நிறமும் கிடையாது.

அதனால் குடும்பப் பெயரை ஃபிளேவனாய்டு என்றே விட்டுவிட்டு, அதில் கண்ணுக்குத் தெரியும் நிறமியான ஆந்தோசயனினுக்கு மட்டும் நல்ல தமிழ் தேடலாம் என்பது என் கட்சி. ஜெர்மானியரான மார்குவார்ட் 1835இல் பூக்களின் நீலத்துக்கு வைத்த பெயர் அது: ஆந்தோஸ் பூ, கியானோஸ் கருநீலம். ‘பூநீலம்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆப்பிளின் சிவப்பும், நாவல் பழம் தின்ற நாக்கின் ஊதாவும் இதேதானே? புளிப்பு கூடினால் சிவக்கும், குறைந்தால் நீலத்தின் பக்கம் போகும். ஆகவே ‘செந்நீல நிறமி’.

சரி, பழம் எப்போது சிவக்க வேண்டும் என்று யார் சொல்வது? பாடநூல் ‘ஒழுங்குபடுத்துதல்’ என்னும், நடப்பது என்னவோ சுவிட்ச் போடுவதுதான். கடையில் ஆப்பிளைத் திருப்பிப் பாருங்கள், சில பழங்களின் சிவப்புத் தோலில் இலை வடிவத்தில் ஒரு வெளிறிய திட்டு இருக்கும். மரத்தில் இலை ஒட்டி மறைத்த இடம் அது. நிறமி செய்யும் மரபணுக்கள் அங்கேயும் உண்டு, அவற்றை எழுப்ப வேண்டிய எம்.ஒய்.பி. புரதம்தான் நிலைக்கவில்லை, ஏனென்றால் இருட்டில் சி.ஓ.பி.1 என்ற இன்னொரு புரதம் அதைச் சிதைக்க அனுப்பிவிடும். வெயில் பட்டால் சி.ஓ.பி.1 உயிரணுவின் கருவை விட்டு வெளியேறும், எம்.ஒய்.பி. வேறு இரண்டு வகைப் புரதங்களோடு கூட்டுச் சேர்ந்து மரபணுவின் முகப்பில் உட்காரும், அப்புறம் ஃபெனைலலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கிப் படிப்படியாக நிறமி உருவாகும். ஜப்பானின் ஆவோமோரியில் ஆப்பிள் காயின் மேல் எழுத்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்தோடு பழுக்கவைத்தே விற்கிறார்கள்.

சிசிலியின் ரத்த ஆரஞ்சுக்குக் குளிர்தான் சுவிட்ச். அதில் நிறமியை எழுப்பும் ரூபி என்ற மரபணுவை ஒட்டி எப்போதோ ஒரு தாவும் மரபணுத் துண்டு வந்து செருகிக்கொண்டது, அது குளிரில்தான் விழிக்கிறது. எட்னா மலையடிவாரத்தில் ரத்தமாய்ச் சிவக்கும் அதே ரகத்தை வெப்ப நாட்டில் நட்டால், சுளை பெரும்பாலும் வெறும் ஆரஞ்சாகவே நின்றுவிடும்.