பைனோடு வராத பூஞ்சை

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வளர்க்க 1930களிலிருந்தே முயன்றார்கள். மழைக்குக் குறைவில்லை, விதையும் முளைத்தது. ஆனால் கன்றுகள் நோஞ்சானாகவே நின்று செத்தன. 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்டார்கள். அப்புறம்தான் பைன் பிடித்தது.

அந்த மண்ணோடு வந்தது பூஞ்சை. பைனின் நுனிவேரை லென்ஸில் பார்த்தால், குட்டையாக, கவட்டை போலப் பிரிந்து, மேலே பூஞ்சை இழைகளின் உறையோடு இருக்கும். அந்த இழைகள் உள்ளே வேர்ச் செல்களின் இடுக்குகளிலும் வெளியே மண்ணிலும் ஓடுகின்றன. வேர் எட்டாத இடத்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. இந்த உறைப் பூஞ்சையோடு சேரும் தாவர இனங்கள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உலகின் மரங்களைத் தலை எண்ணினால் ஏறக்குறைய 60 சதவீதம் அவைதான். குளிர்ப் பிரதேசங்களில் சருகு மக்க நாளாகும். அதில் அடைபட்ட நைட்ரஜனைப் பிடுங்கத் தெரிந்த பூஞ்சைக்கு அங்கே மவுசு அதிகம்.

மா, தென்னை, சோளம் போன்றவற்றின் கூட்டாளி வேறு வகை. அது வேர்ச் செல்லுக்குள்ளேயே நுழைந்து கிளைக்கும். அதன் வித்துகள் பருமனானவை, மண்ணுக்குள்ளேயே கிடப்பவை. உறைப் பூஞ்சைகளில் பலவோ காளானாக வெளியே வந்து, தூளாக வித்துகளைக் காற்றில் விடுபவை. இரண்டில் எது உலகம் சுற்றியிருக்கும்? மண்ணுக்குள் கிடப்பதுதான்! 2015இல் வெளியான ஆய்வில், அந்த வகைகளில் 93 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருந்தன. ஏதோ ஒரு செடியின் வேர் கிடைத்தாலே பெரும்பாலும் அவற்றுக்குப் போதும். பைனின் பூஞ்சை கடலே தாண்டினாலும் இறங்கும் இடத்தில் பைன் வேர் இருந்தாக வேண்டும். கொடைக்கானல் புல்வெளிகளில் பைன் தானாக முளைத்துப் பரவுகிறதென்றால், அதன் பூஞ்சையும் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அர்ஜென்டினாவின் நாவெல் வாப்பி ஏரியிலுள்ள விக்டோரியா தீவில் பைன் உள்ளிட்ட அயல்நாட்டு ஊசியிலை மரங்களை நட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும், தோப்பை விட்டு அவை அதிகம் பரவவில்லை. தோப்புக்குத் தொலைவான மண்ணில் ஏற்ற பூஞ்சை குறைவு என்று 2009இல் தெரியவந்தது. ஆனால் அங்கே மான்களும் காட்டுப்பன்றிகளும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். அவை பைன் தோப்புக் காளான்களைத் தின்கின்றன. அவற்றின் எச்சத்தைக் கலந்த மண்ணில் வளர்த்த பைன் கன்றுகளின் வேரில் பூஞ்சை ஏறியிருந்தது.