இயக்குநர் போட்ட பணம் கடனா, மூலதனமா? வட்டியைத் தீர்மானிக்கும் கணக்கு

பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்கு மூலதனம் ரூ.10 லட்சம், சேர்ந்த லாபம் ரூ.40 லட்சம், இயக்குநர்கள் கைப்பணமாகப் போட்டது ரூ.60 லட்சம், வங்கிக் கடன் ரூ.1.20 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் மனக்கணக்கில் சொந்தப் பணம் ரூ.1.10 கோடி. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் அந்த ரூ.60 லட்சம் கடன் தலைப்பில் நிற்பதால், வங்கியின் கணக்கில் சொந்த நிதி ரூ.50 லட்சம், கடன் ரூ.1.80 கோடி, அதாவது 3.6 மடங்கு. அதே தொகையைப் பங்காக மாற்றினால், புதிதாக ஒரு ரூபாய்கூட உள்ளே வராமலேயே விகிதம் 1.1 மடங்குக்கு இறங்கிவிடும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதைத் தீர்மானிக்க வங்கி போடும் மதிப்பெண்ணில், கடன் சொந்த நிதியைப்போல் எத்தனை மடங்கு என்பதற்குப் பெரும் பங்கு உண்டு.

குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பங்கு தரும் முன்னுரிமை ஒதுக்கீட்டு வழியில் இயக்குநர் பணத்தைப் பங்காக மாற்றுவதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் தேவை. பொதுமக்களை அழைக்காத தனிப்பட்ட ஒதுக்கீட்டில் பங்குக்காக வாங்கிய பணத்துக்கு 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையெனில் அடுத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி சேரும். ‘பங்கு விண்ணப்பப் பணம்’ என்று அதை ஆண்டுக்கணக்கில் குறிப்பில் கிடக்கவிடுவது வங்கி அதிகாரியின் கண்ணில் முதலில் படும் குறை. பங்காக மாற்ற மனமில்லாதவர்கள், வங்கிக் கடன் தீரும்வரை இயக்குநர் பணத்தை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், சில வங்கிகள் அதைச் சொந்த நிதிபோலவே கணக்கிடுகின்றன. கடனாகவே வைத்தால் ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் டிபிடி-3 படிவத்தில் நிறுவனப் பதிவாளரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கை, பொதுக்குழு கூடிய 30 நாட்களுக்குள் ஏஓசி-4 படிவத்தில் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.100. அபராதத்தைவிட, கடன் புதுப்பிப்புக்குப் போகும்போது வங்கியின் கையில் பழைய ஆண்டுக் கணக்கு மட்டுமே இருப்பதுதான் அதிகச் செலவு வைக்கும்.

அடைத்த கடனுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: கடன் தீர்ந்து அடமானம் நீங்கியதைத் தெரிவிக்கும் சிஎச்ஜி-4 படிவத்தை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்யாவிட்டால், பதிவாளரின் ஏட்டில் இயந்திரங்கள் பழைய வங்கியின் பிடியிலேயே இருப்பதாகத் தெரியும், குறைந்த வட்டிக்குத் தர முன்வரும் புதிய வங்கி அந்தப் பதிவு நீங்கும்வரை பணத்தை விடுவிக்கத் தயங்கும்.