மாமன் ஏன் முதலில் பிணத்திடம் போனார்? துன்பியல் நாடகத்தை நம் கடற்கரைக்குக் கொண்டுவரும்போது

ராமநாதபுரம் கடற்கரையில் குறும்படம் எடுக்க வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. பழைய மேடைத் துன்பியல் நாடகம் ஒன்றை எடுப்பது, ராஜாவை விசைப்படகு முதலாளியாக்குவது, வாளை அரிவாளாக்குவது, கடைசிச் சாவைத் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்குள் வைப்பது. காட்சி கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாவது நிமிடத்தில் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவர் கேட்பார்: "ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே?" அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் மீதிப் படம் வீண்.

துன்பியல் நாடகம் அடைபட்ட வழிகளால் ஆனது. தப்பிக்க ஒரு வழி இருக்கும், அதை அந்தக் காலத்தின் ஏதோ ஒன்று அடைத்திருக்கும். கைப்பேசி, பேருந்து, காவல் நிலையம், அரசு ஆஸ்பத்திரி நான்கும் அந்த அடைப்பைத் திறந்துவிடும். ஆகவே வசனம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது, அடைபட்ட வழிகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இன்றைய அடைப்பைத் தேடுவது.

ரோமியோ ஜூலியட்டைப் பாருங்கள். ஜூலியட் குடிப்பது 42 மணி நேரம் செத்தவள்போல் கிடக்க வைக்கும் மருந்து. அதைச் சொல்லும் கடிதம் ரோமியோவிடம் சேராததற்குக் காரணம், கொண்டுபோன பாதிரியாரைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்தது. 1996இல் பாஸ் லூர்மன் எடுத்த படத்தில் துப்பாக்கியின் மேலேயே 'வாள்' என்று கம்பெனிப் பெயர் இருக்கும், கடிதம் கூரியரில் போய்த் தவறும். அமெரிக்கக் கடற்கரை நகரத்துக்கு அது போதும். இதையே கீழக்கரையிலோ தொண்டியிலோ வைத்தால் இன்னொரு பெரிய ஓட்டை விழும். இளம்பெண் திடீரென்று செத்துக் கிடந்தால் போலீஸ் வரும், உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். தூக்க மருந்துத் திட்டம் பிணவறை மேசையிலேயே முடிந்துவிடும். இந்த ஒரு இடத்தைச் சரிசெய்யாமல் வரும் திரைக்கதைகள்தான் அதிகம்.

கணக்கெடுக்கும் முறை எளிது. ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து பத்தி பிரியுங்கள், காட்சிக்கு ஒரு வரிசை: காட்சி, யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது தெரியாது, மூலத்தில் வழியை அடைத்தது எது, இங்கே அடைப்பது எது. ஐந்தாவது பத்தி காலியாக இருக்கும் காட்சியை எழுத ஆரம்பிக்காதீர்கள். 25 நிமிடப் படத்துக்கு இப்படி ஏழு எட்டு வரிசை போதும். திரைக்கதை ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 25 பக்கம். அதில் ஐந்து பாத்திரங்களுக்கு மேல் மூச்சுவிட முடியாது. ஹாம்லெட்டை ஒரு வரி விடாமல் எடுத்த 1996 படம் நான்கு மணி நேரம் ஓடுகிறது. முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்தக் கரைக்கு மிகவும் பொருந்துவது பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் ஆன்டிகனி என்பது எங்கள் அபிப்பிராயம். 1,353 வரிதான். அதைவிட முக்கியம் அதிலுள்ள உறவுமுறை. அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். ஊருக்கு எதிராக வந்தவனைப் புதைக்கக் கூடாது என்பது அரசன் கிரியோனின் ஆணை. தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். கிரியோன் அவள் அம்மாவின் உடன்பிறந்தவர், நம் கணக்கில் தாய்மாமன். அவர் மகன் ஹீமோனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருக்கிறது, முறைப்பையன். சாவு வீட்டுக்குக் கோடித்துணி எடுத்து வரவேண்டிய மாமனே அடக்கத்தைத் தடுக்கிறார் என்றால், நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஆனால் அடைப்பு வேண்டுமே. ஊர்க்கட்டுப்பாடு போட்டு அடக்கத்தைத் தடுப்பதாக எழுதினால் தாசில்தாரும் போலீசும் வந்து அன்றைக்கே புதைத்துவிடுவார்கள். ஆகவே உடலே கரையில் இருக்கக் கூடாது. இப்படி அமைக்கலாம்: எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களை விடுவிக்கக் கோரி சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது, மாமன்தான் சங்கத் தலைவர். பிடிபட்டவர்களில் மூத்த மருமகனும் ஒருவன். இளையவன் கட்டுப்பாட்டை மீறி, கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் படகை எடுத்துப் போய்த் திரும்பவில்லை. தேடப் படகு கேட்கிறாள் தங்கை. ஒரு படகு இறங்கினால் வேலைநிறுத்தம் உடையும், உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான் என்கிறார் மாமன். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். மாமனை வில்லனாக்கிவிட்டால் நாடகம் அதோடு செத்துவிடும்.

இங்கே கடலோரத்து ஆள் கேட்பார்: கடலோரக் காவல்படைக்கு 1554க்கு அடித்தால் என்ன? பதில் திரைக்கதைக்குள் இருக்க வேண்டும். அடித்தால் டோக்கன் இல்லாமல் போனதும் எல்லைப் பக்கம் போனதும் பதிவாகும், மானிய டீசல் நிற்கும், படகின் மேல் இருக்கும் முன்பணக் கடனுக்கு மீன் ஏலக்காரர் வாசலில் வந்து நிற்பார். பயத்தில் அந்த வீடு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்துவிடுகிறது. அடைப்பு அதுதான். உடல் கிடைக்காவிட்டால் சட்டம் இறந்ததாகக் கருத ஏழு ஆண்டு என்பது அந்தப் பயத்தின் மேல் இன்னொரு பாரம்.

மாமனும் அவளும் சந்திக்கும் காட்சியில் மூலத்தில் நீண்ட வாதம் நடக்கும். சினிமாவில் அதை மொழிபெயர்த்து வைத்தால் பட்டிமன்றம். வலை பொத்தும் கொட்டகை. மாமன் கையில் நூல் சுற்றிய ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் நிற்கிறாள்.

"படகு கேட்டு வரல மாமா. கோடி எடுத்துட்டீங்களான்னு கேட்டுப் போக வந்தேன்."

ஊசி நிற்கிறது. "செத்துட்டான்னு யாரு தாயி சொன்னா?"

"அப்ப தேடுங்க."

இரண்டு பக்க வாதம் மூன்று வரியில் முடிந்தது. தனிமொழிகளுக்கும் இதே வைத்தியம். பின்னணிக் குரலில் புலம்ப விடாமல், கையில் ஒரு வேலையும் எதிரே கேட்க ஒரு ஆளும் கொடுங்கள். கிரேக்க நாடகத்தில் ஊரார் கூட்டமாகப் பாடும் குழுப்பாட்டுக்கு இங்கே ஏலக்கூடமும் கருவாடு காயப்போடும் பெண்களும் இருக்கிறார்கள்.

முடிவில்தான் பெரும்பாலோர் சறுக்குவது. மூலத்தில் கிரியோன் மனம் மாறிவிடுகிறார். முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனைப் புதை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர் வரிசையை மாற்றுகிறார்: முதலில் பிணத்துக்குச் சடங்கு, மேடு எழுப்புகிறார், அப்புறம் அவளை அடைத்துவைத்த குகைக்குப் போகிறார். அதற்குள் அவள் தூக்கில். பின்னாலேயே மகனும் மனைவியும். நேரத்துக்கு வரவில்லை என்று மட்டும் எழுதினால் விபத்து. வரிசை மாறியது என்று எழுதினால்தான் அது அவர் குணத்திலிருந்து வந்த சாவு. நம் கதையில், அவள் ஃபைபர் வள்ளத்தில் தனியாக இறங்கிவிட்டாள், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் இளையவன் உடல் ஒதுங்கியதாகச் செய்தி வருகிறது. தலைவர், ஊர் பார்க்கும்படி கோடியோடு முதலில் பிணவறைக்குப் போகிறார். படகு அனுப்புவது இரண்டாவது வேலையாகிவிடுகிறது.

சோழகம் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாவான தென்கடல்தான் கொந்தளிக்கும், பாக் விரிகுடாவான வடகடல் தணிந்திருக்கும், வாடைக்காற்றில் தலைகீழ். கதை எந்த மாதம், எந்தக் கடல் என்பதை முதல் பக்கத்திலேயே முடிவுசெய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த நாட்களில் வேலைநிறுத்தக் கதை வைத்தால் பாம்பனில் சிரிப்பார்கள்.

மற்ற நாடகங்களில் இரண்டு குறிப்பு மட்டும். ஒத்தெல்லோவில் மனைவி மேல் சந்தேகம் கிளப்பும் கைக்குட்டையை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் ஆக்காதீர்கள். ஒரு கேள்வியில் உடைந்துவிடும். கைக்குட்டை வேலை செய்வது அது அவன் தாய் கொடுத்தது என்பதால். ஓம்காரா (2006) என்ற இந்திப் படம் அதைக் குடும்பத்து ஒட்டியாணமாக்கியது சரியான கணக்கு. மேக்பெத்தின் சூனியக்காரிகளை இன்னொரு இந்திப் படமான மக்பூல் (2003) இரண்டு போலீஸ்காரர்களாக்கியது. ஆருடம் சொல்கிறவர்களுக்கே அதை நடத்திவைக்கும் கை இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் அது அந்தப் படத்தின் சொத்து. எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமை விஷயம் இதோடு சேர்ந்தது. சோபக்ளிஸுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் யாரிடமும் கேட்க வேண்டாம். நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்புக்குக் கேட்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. ஹாம்லெட்டை அமலாதித்யனாக்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், அந்தக் கெடு 2024 முடிவோடு தீர்ந்தது. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 2005இல் இறந்தவர். அவர் நாடகத்தைத் தொட எழுத்து அனுமதி வேண்டும்.

படப்பிடிப்புக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள், ராத்திரிக் காட்சியை அங்கே எழுதாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடும் முன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலத்துக்கு ரயில்வேயிடம் தனி அனுமதி. காற்றில் காலர் மைக் ரோமஉறையோடும் தோற்கும். கரை வசனங்களைக் கொட்டகைக்குள் தள்ளுங்கள்.

ஐஎன்டி டிஎன் என்று தொடங்கும் படகுப் பதிவெண் எதுவும் திரையில் தெரியக் கூடாது. காணாமல்போன ஒருவரின் உண்மைச் சம்பவத்தைத் தொட்டால், அந்த வீட்டில் முழுத் திரைக்கதையையும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள், பெயரை மாற்றியிருந்தாலும். அதற்கு முன் ஐந்து பத்தித் தாளை ஒரு படகு டிரைவரிடம் கொடுங்கள். "இதுக்கு இப்படிச் செஞ்சா போதுமே" என்று அவர் விரல் வைக்கும் வரிசையை மறுபடி எழுத வேண்டும்.