சோலஸ்டால்ஜியா: ஊரில் இருந்துகொண்டே ஊரை இழக்கும் துயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பல வருடம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அதனால் எந்த மாதம் எப்படி மழை வரும் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. அவர் வெட்டிய மரங்களும் போய் எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டது. "இங்கதான்யா இருக்கேன், ஆனா நம்ம எடம் மாதிரியே இல்ல" என்பார்.

இந்த வலிக்கு 2003-இல் ஒரு சொல் பிறந்தது. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட், ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் வறட்சிக்கும் நடுவே வாழ்ந்தவர்களிடம் பேசினார். வீட்டை விட்டு எங்கும் போகாதவர்களே வீட்டுக்கு ஏங்குவதைக் கண்டு 'சோலஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். ஆறுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'அல்கோஸ்'உம் சேர்ந்தது இது. 1688-இல் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கிய 'நாஸ்டால்ஜியா'தான் இதற்கு முன்மாதிரி. அது ஊரைப் பிரிந்தவரின் நோய். இதிலோ ஆள் அங்கேயே இருக்கிறார், ஊர்தான் அவரை விட்டுப் போகிறது.

பருவநிலைப் பதற்றம் என்பது வேறு. அது வரப்போவதை நினைத்து வரும் அச்சம். சோலஸ்டால்ஜியா கண்ணெதிரே போய்க்கொண்டிருப்பதற்கான துயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஊர் ஏக்கம்' பொருந்தாது, அது பிரிந்து போனவரின் சொல். தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் 'அசைவு' ஒன்று. பண்டை நிலைமை கெட்டு வேறாகி வருந்துவது என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதற்கு உரை சொல்கிறார். பொருள் அப்படியே பொருந்துகிறது, ஆனால் இன்று அசைவு என்றால் ஆடுவது என்றுதான் எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் இன்னும் நெருக்கமான இடம் இருக்கிறது. வெயில் கடுமையில் முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, "நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்கிறார் இளங்கோ. வெப்பத்தால் நிலம் மாறுவதையும் அது தரும் துயரையும் சேர்த்தே சொல்லிவிட்டார்! இதிலிருந்து 'நிலந்திரி துயர்' என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இந்தச் சொல் நமக்கு அவசரமாக வேண்டும் என்று நினைக்கிறேன். பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினால், "என்னத்தப் பண்றது, பழகிக்க வேண்டியதுதான்" என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அக்கறை இல்லாமல் இல்லை. இழந்ததைத் துக்கம் என்று சொல்ல வழி கிடைக்காதபோது மனம் மரத்துப்போகிறது. அப்படிப்பட்டவரிடம் 2050-இல் கடல் எவ்வளவு உயரும் என்று தொடங்கினால் பேச்சு நகராது. உங்கள் மரங்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் விடியவிடியப் பேசுவார்.

பாட்டியிடம் 'நிலந்திரி துயர்' என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை நினைத்துக் கேட்டார்: "மங்குல மழத்தண்ணி விழுந்தா பால் திரிஞ்சு போகுமே, அந்தத் திரியிறதா?"

அதேதான் பாட்டி.